ஆபரேஷனா, காப்பர்-டியா, அந்தரா ஊசியா? ரெண்டாவது குழந்தைக்கு அப்புறம் எதை எடுக்கறது

என் தங்கச்சிக்கு எட்டாவது மாசம் நடந்துட்டு இருந்தப்ப அவ மாமியார் ஒரு முடிவு சொன்னாங்க. பையனா பொறந்தா கையோட குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன், பொண்ணா பொறந்தா இன்னொண்ணு பாத்துக்கலாம். அவ்வளவுதான். முதல் குழந்தை பொண்ணு, ரெண்டு வயசு. தங்கச்சிக்கு வயசு 23. பாலக்கோடு பக்கத்துல கிராமம், அவ வூட்டுக்காரர் பெங்களூர்ல சென்ட்ரிங் வேலை, மாசத்துக்கு ஒரு தடவை ரெண்டு தடவை வருவாரு. அவகிட்ட யாரும் எதுவும் கேக்கல. அவ ராத்திரி எனக்கு போன் பண்ணி "அக்கா, இந்த ரெண்டைத் தவிர வேற வழியே இல்லையா"ன்னு கேட்டா.

வழி இருக்கு, நிறையவே இருக்கு, பெரும்பாலும் நம்ம பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் ஜிஹெச்லயும் காசில்லாம கிடைக்குது. ஆனா தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பேச்சு எப்பவுமே "ஆபரேஷன் எப்போ"ங்கறதுலதான் தொடங்குது. தமிழ்நாடு முழுக்கவே அப்படித்தான், கல்யாணமான பொண்ணுங்கள்ல பாதிக்கு மேல ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க, ஆம்பளைங்க பண்ணிக்கிட்டது நூத்துக்கு ஒண்ணுகூட தேறாது. அதனால தங்கச்சிக்கு சொன்னதையே கொஞ்சம் விரிவா எழுதறேன். நான் டாக்டர் இல்ல. ரெண்டு புள்ள பெத்தவ, இதுல சிலதை நானே போட்டு அனுபவிச்சவ, மிச்சத்தை நர்ஸம்மாகிட்டயும் டாக்டர்கிட்டயும் விடாம கேட்டு தெரிஞ்சுக்கிட்டவ.

## முதல்ல எதை வச்சு பாக்கணும்

எது நல்லதுன்னு கேக்கறதுக்கு முன்னாடி நம்மளையே சில கேள்வி கேட்டுக்கணும். குழந்தை போதும்னு முடிவாயிடுச்சா, இல்ல தள்ளிப்போடறோமா? இது ரெண்டும் வேற வேற, இதைக் குழப்பிக்கிட்டாதான் பின்னாடி அழுவறது. ஒரு பிரசவத்துக்கும் அடுத்து மாசமா ஆகறதுக்கும் நடுவுல ரெண்டு வருஷமாவது இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அந்த ரெண்டு வருஷத்துக்கு மட்டும் தேவைப்படறவங்களுக்கு ஆபரேஷன் பதிலே கிடையாது.

அடுத்தது ரத்தம். நம்ம ஊர்ல இதை யாருமே கணக்குல எடுக்கறதில்ல. கர்ப்பத்துல செக்கப் போகும்போது ஹீமோகுளோபின் எவ்வளவுன்னு கார்டுல எழுதி குடுப்பாங்க இல்ல, அந்த நம்பரை எடுத்துப் பாருங்க. தங்கச்சிக்கு 8.6 இருந்துச்சு. 11 இருக்கவேண்டிய இடத்துல 8.6 இருக்கற உடம்புக்கு மாசாமாசம் ரத்தப்போக்கை கூட்டற ஒண்ணையா வைக்கறது, கொறைக்கற ஒண்ணையா?

அப்புறம் பால் குடுக்கறமா, மறக்காம தேதிக்கு ஆஸ்பத்திரி போக முடியுமா, பஸ் வசதி இருக்கா (அஞ்செட்டி பக்கமோ சித்தேரி மலையிலயோ இருக்கறவங்களுக்கு இது சின்ன விஷயமில்ல), எத்தனை நாள் கூலி போகும், வீட்ல யாருக்கும் தெரியாம வச்சுக்க வேண்டிய நிலைமையா. இந்த கடைசி கேள்வியை வெளிய கேக்க மாட்டோம், ஆனா நிறைய பொண்ணுங்க மனசுல அதுதான் முதல் கேள்வி.

ஒண்ணு மட்டும் எல்லாருக்கும் பொது. பால் குடுக்கற வரைக்கும் கர்ப்பம் நிக்காதுன்னு பெரியவங்க சொல்றதை நம்பி உக்காந்திருக்காதீங்க. குழந்தைக்கு ஆறு மாசம் ஆகாம, தண்ணிகூட குடுக்காம வெறும் தாய்ப்பால் மட்டும் ராத்திரி பகலா குடுத்து, இன்னும் நாளும் வரலன்னா மட்டும்தான் அது ஓரளவு பாதுகாப்பு. இதுல ஒண்ணு மாறினாலும் போச்சு. முதல் தடவை நாள் வர்றதுக்கு முன்னாடியே கூட நின்னுடும், எங்க தெருவுலயே அப்படி ரெண்டு பேருக்கு கைக்குழந்தையோட மறுபடி நின்னிருக்கு.

## பொம்பளைக்கு ஆபரேஷன்

பிரசவமான ஏழு நாளுக்குள்ள பண்ணலாம், சிசேரியன்னா அப்பவே கூட சேத்து பண்ணிடுவாங்க, விட்டா ஆறு வாரம் கழிச்சு. ஒரு தடவை பண்ணா முடிஞ்சுது, அப்புறம் தேதி ஞாபகம் வச்சுக்கறது, மாத்திரை, ஊசின்னு எதுவும் இல்ல. முதல் வருஷத்துல ஆயிரம் பேருக்கு அஞ்சு பேருக்கு வேணா தவறும்னு சொல்றாங்க. குழந்தைங்க வளர்ந்து, முப்பது தாண்டி, ரெண்டு பேருக்கும் போதும்னு மனசார இருந்தா நல்ல வழிதான், அதை நான் குத்தம் சொல்லல.

ஆனா இதுக்குள்ள இருக்கற செலவை யாரும் சொல்றதில்ல. அரசு ஆஸ்பத்திரில காசு வாங்கறதில்ல, ஊக்கத்தொகையும் தர்றாங்க, சரி. அப்புறம் ஒரு வாரத்துக்கு மேல தண்ணிக்குடம் தூக்கக்கூடாது, பூப்பறிக்கப் போகக்கூடாது, தக்காளி கிரேடு (பெட்டி) தூக்கக்கூடாது. அந்த வேலையை யார் செய்வா? மாமியார் செய்வாங்கன்னா சரி, இல்லன்னா பத்தாம் நாளே குனிஞ்சு நிமிந்து வேலை செஞ்சு தையல்ல வலின்னு வர்றவங்களை நானே பாத்திருக்கேன்.

அதைவிட பெரிய செலவு வயசு. நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் பொண்ணுங்களுக்கு சீக்கிரமே கல்யாணம் முடிச்சிடற பழக்கம் இன்னும் போகல, இருபத்தி ரெண்டு இருபத்தி மூணுலயே ரெண்டு புள்ள ஆயிடுது. அரசு விதிப்படி 22 வயசு ஆகியிருக்கணும், குறைஞ்சது ஒரு குழந்தைக்காவது ஒரு வயசு தாண்டியிருக்கணும். ஆனா விதி இடம் குடுக்குதுங்கறதுக்காக 23 வயசுல கதவை மூடணுமா? ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா, வாழ்க்கை வேற மாதிரி திரும்பிடுச்சுன்னா, மறுபடி குழாயை இணைக்கற ஆபரேஷன் இருக்குதான், ஆனா அது பெரிய ஆபரேஷன், நிக்கும்னு உத்தரவாதமும் கிடையாது.

ரெண்டும் பொண்ணா இருந்தா இன்னொரு விஷயம் வரும். முதலமைச்சரின் பெண் குழந்தைகள் பாதுகாப்பு திட்டத்துல ரெண்டு பொண்ணுங்க பேர்லயும் ஆளுக்கு 25,000 டெபாசிட் பண்றாங்க, ஒரே பொண்ணுன்னா 50,000, ஆனா ஆபரேஷன் பண்ணின சர்டிபிகேட் கேப்பாங்க. இதுக்காக அவசர அவசரமா பிரசவ வார்டுலயே பொண்ணுங்களை படுக்க வச்சிடறாங்க. அப்பா அம்மா ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் பண்ணியிருந்தா போதும், அம்மாதான் பண்ணணும்னு இல்ல. விண்ணப்பிக்க கால வரம்பு, வயசு வரம்பு எல்லாம் இருக்கு, அதை பிளாக் ஆபீஸ்ல இருக்கற ஊர்நல அலுவலர்கிட்ட முன்னாடியே கேட்டுக்கங்க, பிரசவம் முடிஞ்ச மூணாம் நாள் முடிவெடுக்கற அளவுக்கு அவசரம் எதுவுமில்ல.

கேம்ப் மாதிரி கூட்டமா பண்றாங்கன்னு தெரிஞ்சா போகாதீங்க. 2014 நவம்பர்ல சத்தீஸ்கர் பிலாஸ்பூர்ல ஒரே கேம்ப்ல 83 பேருக்கு அடுத்தடுத்து பண்ணாங்க, அங்க நடந்த கேம்ப்கள்ல 13 பொண்ணுங்க செத்துப்போனாங்க. 2016ல சுப்ரீம் கோர்ட்டே இந்த கேம்ப் முறையை நிறுத்தணும்னு சொல்லிடுச்சு. நல்ல தியேட்டர் இருக்கற ஆஸ்பத்திரில, ரத்தம் எல்லாம் பாத்துட்டு பண்ணிக்கங்க, 7க்கு கீழ ரத்தம் இருந்தா அவங்களே தள்ளி வைப்பாங்க.

## ஆம்பளைக்கு ஆபரேஷன்

குழந்தை போதும்னு முடிவாயிட்டா முதல்ல பாக்க வேண்டியது இதுதான்னு நான் அடிச்சு சொல்லுவேன். வயித்தை திறக்க வேண்டாம், கத்தி வச்சு அறுக்கறது இல்ல, தையல் இல்ல. மரத்துப்போக ஊசி போட்டு சின்னதா ஒரு ஓட்டை, இருபது நிமிஷத்துல முடிஞ்சிடும், அன்னிக்கே வீட்டுக்கு. பொம்பளை ஆபரேஷனைவிட தவறுறதும் கம்மி, ஆயிரத்துக்கு ஒண்ணு ரெண்டு. அரசு ஆஸ்பத்திரில ஆம்பளைக்கு 1,100 ரூபா தர்றாங்க.

என் வூட்டுக்காரர் பண்ணிக்கிட்டவர். அவர் ராயக்கோட்டை மார்க்கெட்டுக்கு தக்காளி லோடு அடிக்கற வண்டி ஓட்டறாரு. மாமியார் ரெண்டு நாள் சாப்பிடல, "ஆம்பளைக்கு பண்ணா பலம் போயிடும், வண்டி எப்படி ஓட்டுவான், நீ பண்ணிக்கக் கூடாதா"ன்னு. அவர் எதுத்து பேசல, நர்ஸம்மாவை வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டாரு. நர்ஸம்மா ஒரு பேப்பர்ல படம் போட்டு காட்டுனாங்க, "விந்து வர்ற வழியில ஒரு சின்ன குழாயை மட்டும் கட்டறோம்மா, ஆம்பளைத்தனத்துக்கான சத்து நேரா ரத்தத்துல போறது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல"ன்னு. வியாழக்கிழமை காலையில போனவர் மத்தியானம் வீட்ல களி சாப்பிட்டாரு. ரெண்டு நாள் படுத்திருந்தாரு, ஒரு வாரத்துக்கு கனம் தூக்காதீங்கன்னு சொன்னதை கேக்காம நாலாம் நாளே கிரேடு தூக்கி கொஞ்சம் வீக்கம் வந்துச்சு, மறுபடி போய் காட்டி மாத்திரை சாப்பிட்டு சரியாச்சு. அதனால அந்த ஒரு வாரத்தை கண்டிப்பா குடுங்க. இப்ப வருஷம் மூணு ஆச்சு, பலமும் போகல ஒண்ணும் போகல.

இதுல முக்கியமா தெரிஞ்சுக்க வேண்டியது, பண்ணின அன்னிலேர்ந்து பாதுகாப்பு கிடையாது. மூணு மாசம் காண்டம் போட்டே ஆகணும், மூணு மாசம் கழிச்சு விந்து டெஸ்ட் எடுத்து அணு இல்லன்னு உறுதியான பிறகுதான் நிறுத்தணும். நிறைய பேர் இந்த டெஸ்டுக்கு போகவே மாட்டாங்க, அப்புறம் பொண்டாட்டிக்கு கர்ப்பம் நின்னுட்டா அந்தப் பழி அவ மேல விழுது. ஒரு குடும்பமே உடைஞ்சுபோற விஷயம் இது. டெஸ்டை விட்டுடாதீங்க.

வருஷா வருஷம் நவம்பர் கடைசியில ஆம்பளைங்களுக்குன்னே ரெண்டு வாரம் தனியா நடத்துவாங்க, நேரா போய் கேக்க கூச்சப்படறவங்களுக்கு அந்த சமயம் சவுகரியம்.

## காப்பர்-டி

கர்ப்பப்பைக்குள்ள வைக்கற சின்ன சாதனம், தள்ளிப்போடறவங்களுக்கு ரொம்பவே உறுதியானது. அரசு ஆஸ்பத்திரில ரெண்டு வகை, ஒண்ணு அஞ்சு வருஷம், இன்னொண்ணு பத்து வருஷம். எப்ப வேணும்னாலும் எடுத்துடலாம், எடுத்த உடனே அடுத்த மாசமே கூட நிக்கலாம். பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ள போடலாம், இல்ல ஆறு வாரம் கழிச்சு. பாலுக்கு ஒண்ணும் ஆகாது.

எங்க சப் சென்டர்ல நர்ஸம்மா ஒரு தடவை அதை உள்ளங்கையில வச்சு காட்டுனாங்க. சுண்டு விரல்ல ரெண்டு கணு நீளம்தான் இருக்கும், வெள்ளை பிளாஸ்டிக், உடம்புல மெல்லிசா செம்புக்கம்பி சுத்தியிருக்கும், அடியில ரெண்டு நூல். இதுவா நெஞ்சுக்கு ஏறும், இதுவா குழந்தை தலையில ஒட்டிக்கிட்டு பொறக்கும்னு சொன்னாங்கன்னு பாத்த உடனே எனக்கு கோவம்தான் வந்துச்சு. கர்ப்பப்பை மூடின பை, அங்கேர்ந்து நெஞ்சுக்கு வழியே கிடையாது.

மறைஞ்சிருக்கற செலவு ரத்தப்போக்கு. முதல் மூணுலேர்ந்து ஆறு மாசம் நாள் வரும்போது அதிகமா போகும், வலியும் கூட இருக்கும், அப்புறம் பெரும்பாலும் அடங்கிடும். ரத்தம் 11, 12 இருக்கறவங்க தாங்கிடுவாங்க. 8 இருக்கறவங்களுக்கு போடவே கூடாதுன்னு சட்டமில்ல, ஆனா இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்கா போடாம இதை மட்டும் போட்டுக்கிட்டா மூச்சு வாங்கிட்டுதான் காட்டுக்கு போகணும். பிரசவமான உடனே போட்டது சிலருக்கு தானா வெளிய வந்துடும், அதனால ஆறாவது வாரம் போய் கண்டிப்பா பாத்துக்கணும்.

இன்னொண்ணு மனசுல இருக்கறது. என் முதல் பிரசவத்துல எனக்கு இதை சொல்லாமலே போட்டுட்டாங்க. நாலு மாசம் அடிவயித்து வலி, அதிகமா போக்கு, என்னன்னே தெரியாம கை வைத்தியம் பண்ணிட்டு கடைசில ஸ்கேன்லதான் தெரிஞ்சுது. டிஸ்சார்ஜ் சீட்டுல ஒரு மூலையில இங்கிலீஷ்ல எழுதியிருந்துச்சாம். முன்னாடியே சொல்லியிருந்தா நானே சரின்னு சொல்லியிருப்பேன், நல்ல பொருள்தான் அது. சொல்லாம போட்டதால பயந்து எடுத்துட்டேன், பதினாலு மாசத்துல அடுத்தது நின்னுடுச்சு. அதனாலதான் சொல்றேன், எட்டாவது மாசமே முடிவு பண்ணி கார்டுல எழுதச் சொல்லிடுங்க. வேணும்னா வேணும்னு, வேண்டாம்னா வேண்டாம்னு. வலியில கத்திட்டு இருக்கும்போது கேக்கற கேள்விக்கு யாரும் யோசிச்சு பதில் சொல்ல முடியாது.

மாசாமாசம் நாள் வரும்போது ரொம்ப அதிகமா போறவங்களுக்கு பிரைவேட்ல மிரேனான்னு ஹார்மோன் வச்ச ஒண்ணு இருக்கு, அது போக்கை நல்லாவே கொறைச்சிடும், ஆனா பல ஆயிரம் ஆகும்.

## அந்தரா ஊசி

மூணு மாசத்துக்கு ஒரு ஊசி. 2017லேர்ந்து அரசு இலவசமா குடுக்குது. பால் குடுக்கறவங்க ஆறு வாரத்துக்கு அப்புறம் தொடங்கலாம். யாருக்கும் தெரியாது, வீட்ல அட்டை மாத்திரை இருக்காது, நூல் இருக்காது. ஊசி போட்ட இடத்தை மட்டும் தேய்க்கக் கூடாது, ஒத்தடம் வைக்கக் கூடாது.

முதல்ல கொஞ்ச காலம் மாசநாள் தப்பி தப்பி வரும், சொட்டு சொட்டா படும், அப்புறம் நிறைய பேருக்கு வராமலே நின்னுடும். "கெட்ட ரத்தம் உள்ள தங்கிடும்"னு நம்ம பெரியவங்க பயமுறுத்துவாங்க. உள்ள எதுவும் தங்கறதில்ல, கர்ப்பப்பை சுவர் தடிக்காததால வெளிய வர எதுவும் இல்ல, அவ்வளவுதான். ரத்தம் கம்மியா இருக்கற பொண்ணுக்கு இது உண்மையிலேயே லாபம், போக வேண்டிய ரத்தம் உடம்புலயே நிக்குது.

குறைன்னா, நிறுத்தின உடனே கர்ப்பம் நிக்காது, கடைசி ஊசிலேர்ந்து ஏழு முதல் பத்து மாசம் ஆகும். அதனால அடுத்த வருஷமே குழந்தை வேணும்னு நினைக்கறவங்களுக்கு சரிவராது. சிலருக்கு எடை போடும். பிபி ரொம்ப அதிகமா இருக்கறவங்க, மார்புல கேன்சர் வந்தவங்க, காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருக்கறவங்க போடக்கூடாது. தேதியை விடக்கூடாது. வேலைக்கு பெங்களூர் போயிட்டாலும் கார்டை எடுத்துட்டு போனா அங்க அரசு ஆஸ்பத்திரில இதே ஊசிதான்.

## சாயா, மாலா மாத்திரை

சாயா வந்து லக்னோல இருக்கற மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்துல நம்ம நாட்டுக்காரங்களே கண்டுபிடிச்சது, ஹார்மோன் இல்ல. முதல் மூணு மாசம் வாரத்துக்கு ரெண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு. பால் குடுக்கறவங்களும் போடலாம். நாள் தள்ளி வரும், அது பழகிடும். நீர்க்கட்டி, மஞ்சள் காமாலை, டிபி இருக்கறவங்களுக்கு ஆகாது. மாலா-என் தினமும் போடணும், 21 ஹார்மோன் மாத்திரை, 7 இரும்பு மாத்திரை. குழந்தைக்கு ஆறு மாசம் ஆகற வரைக்கும் பால் குடுக்கறவங்க போடக்கூடாது, பிபி இருந்தாலும் கூடாது.

மாத்திரை மேல எனக்கு இருக்கற சந்தேகம் மாத்திரையைப் பத்தி இல்ல, நம்ம நாளைப் பத்தி. காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு பால் கறந்து, சமைச்சு, ஓசூர் சிப்காட் பஸ்ஸை பிடிக்கறவளுக்கு தினமும் ஞாபகம் வருமா? வரும்னா எடுத்துக்கங்க.

## காண்டம்

நோய்லேர்ந்தும் காப்பாத்தறது இது ஒண்ணுதான், எச்ஐவியும் சேத்து. வெளியூர்ல தங்கி வேலை பாத்துட்டு எப்பவாவது வர்றவங்க வீட்ல இது கூடவே இருக்கணும்னு வெட்கப்படாம சொல்றேன். ஆனா அவர் ஒத்துக்கணும், ஒவ்வொரு தடவையும் போடணும். கிழிஞ்சாலோ போடாம விட்டாலோ 72 மணி நேரத்துக்குள்ள அவசர மாத்திரை இருக்கு, மெடிக்கல்ல கேட்டா நம்ம பக்கம் பல கடையில இல்லன்னுதான் சொல்லுவாங்க, நர்ஸம்மாகிட்டயோ ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ கேளுங்க.

## பக்கத்துல வச்சு பாத்தா

| வழி | ஒரு வருஷத்துல 100 பேருக்கு எத்தனை பேருக்கு தவறும் | எவ்வளவு நாள் | மறுபடி நிக்க |
|---|---|---|---|
| பெண் ஆபரேஷன் | 1க்கும் கம்மி | நிரந்தரம் | கஷ்டம் |
| ஆண் ஆபரேஷன் | 1க்கும் கம்மி (மூணு மாசம் கழிச்சு) | நிரந்தரம் | கஷ்டம் |
| காப்பர்-டி | 1க்கும் கம்மி | 5 அல்லது 10 வருஷம் | எடுத்த உடனே |
| அந்தரா | 4 | 3 மாசம் | 7–10 மாசம் |
| மாலா-என் | 7 | தினமும் | சீக்கிரமே |
| காண்டம் | 13 | ஒவ்வொரு தடவையும் | உடனே |

இந்த எண்ணெல்லாம் நம்மளை மாதிரி மறந்து, தேதி தப்பி வாழறவங்களை வச்சு எடுத்தது.

## அப்ப யாருக்கு எது

ரெண்டு பேருக்கும் போதும்னு முடிவாகி சின்னதுக்கு ஒரு வயசு தாண்டியிருந்தா ஆம்பளை ஆபரேஷன். அவர் எந்த வழியிலயும் ஒத்துக்கலன்னா, முப்பது தாண்டியிருந்தா, பொம்பளை ஆபரேஷன். ரத்தம் நல்லா இருந்து, மாசாமாசம் நாள் வரும்போது சாதாரணமா போறவளா இருந்து, மூணு நாலு வருஷம் நிம்மதியா இருக்கணும்னா காப்பர்-டி. ரத்தம் கம்மி, அடுத்த குழந்தைக்கு அவசரமில்ல, வீட்ல பேச முடியாதுன்னா அந்தரா. எதுக்குமே புருஷன் கையெழுத்து சட்டப்படி தேவையில்ல, பொம்பளை ஆபரேஷனுக்குகூட தேவையில்ல. "அவரை கூட்டிட்டு வா"ன்னு திருப்பி அனுப்புனா 104க்கு போன் பண்ணி கேளுங்க.

பொண்ணா இருந்தா இன்னொண்ணுங்கற பேச்சுக்கும் ஒண்ணு சொல்லணும். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992ல பக்கத்து சேலத்துல தொடங்கி அப்புறம் தர்மபுரிக்கும் வந்துச்சுன்னா அது பொண் சிசுக்கொலையைத் தடுக்கத்தான் வந்துச்சுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். வயித்துல இருக்கறது என்னன்னு சொல்றதும் கேக்கறதும் 1994ல போட்ட சட்டப்படி குத்தம். இன்னமும் வண்டியில மிஷின் வச்சு பாத்து சொல்றவன்கிட்ட போயி, அப்புறம் கண்டவங்ககிட்ட கலைச்சு, உயிரை விட்ட பொண்ணுங்க நம்ம மாவட்டத்துல உண்டு. 23 வயசுல மூணாவதுக்கு அவசரப்படாம மூணு வருஷம் தள்ளிப்போட ஒரு வழி கையில இருந்தா, அந்த மூணு வருஷத்துல வீட்டோட பேச்சே மாறும்.

தங்கச்சிக்கு பொறந்தது பொண்ணு. காப்பர்-டி வேண்டாம், அந்தரா போட்டுக்கறேன்னு கார்டுல முன்னாடியே எழுத வச்சிருந்தா, அதனால வார்டுல யாரும் தொந்தரவு பண்ணல. ஆறு வாரம் முடிஞ்சு முதல் ஊசி போட்டாச்சு, ரத்தம் இப்ப 9.8க்கு ஏறியிருக்கு. அவ மாமியாருக்கு இன்னும் தெரியாது, அவ வூட்டுக்காரருக்கு தெரியும். போன தடவை பெங்களூர்லேர்ந்து வந்தப்ப என் வூட்டுக்காரர்கிட்ட திண்ணையில உக்காந்து ஒரு மணி நேரம் என்னமோ கேட்டுட்டு இருந்தாரு. அடுத்த ஊசிக்கு அவரே கூட்டிட்டுப் போறேன்னு லீவு சொல்லி வச்சிருக்காரு.